சரக்கு வண்டி வைத்திருப்போர் கவனத்திற்கு: பட்டை புஷ் கழற்றும் விதம்



நமது இதழில் வரிக் கணக்கு, தராசு முத்திரை, உணவுப் பாதுகாப்பு உரிமம் என்று விவரம் தெரிந்தவர்கள் பலர் எழுதி வருகிறார்கள். நான் எழுத வந்தது வண்டியின் அடியில் ஒளிந்திருக்கும் உள்ளங்கை அளவு ரப்பர் துண்டைப் பற்றி. நான் மெக்கானிக் அல்ல. பள்ளிப் படிப்போடு நிறுத்திவிட்டு, அரிசி, வெல்லம், எண்ணெய் மொத்த வியாபாரத்தில் நாற்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருப்பவன். ஆனால் நம்மில் பாதிப் பேர் கடை வாசலில் ஒரு பிக்கப்போ, குட்டி யானையோ நிற்கிறது. பெரும்பாலும் பழைய வண்டி. இரண்டாவது ஓனர், மூன்றாவது ஓனராக வாங்கியது. டயரைப் பார்க்கிறோம், ஆயிலைப் பார்க்கிறோம், ஆயுத பூஜைக்குக் கழுவிச் சந்தனம் வைக்கிறோம். அடியில் குனிந்து புஷ்ஷைப் பார்ப்பதில்லை. நானும் பார்க்காமல் இருந்தேன். அதனால் என்னிடம் வேலை செய்த ஒரு பையனின் கை முறிந்தது. அதைச் சொல்லாமல் மேலே எழுத எனக்கு மனம் வரவில்லை.

2017-ஆம் வருஷம் கார்த்திகை மாதம். தீபத்துக்கு நான்கு நாள் இருந்தது. தீபத்தன்றும் அதற்கு முன்னும் பின்னும் நம் ஊருக்குள் சரக்கு வண்டியை விட மாட்டார்கள் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். ஆகவே ஆரணி மில்லிலிருந்து இருக்கிற அரிசியை எல்லாம் முன்கூட்டியே இறக்கிவிட வேண்டும் என்ற அவசரம். என் பிக்கப்பில் ஒன்றேகால் டன் ஏற்றலாம். நான் ஏற்றச் சொன்னது 25 கிலோ சிப்பம் 70. அதாவது ஒன்றே முக்கால் டன். டிரைவர் மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: "முதலாளி, பின்னாடி டக்கு டக்குன்னு கேக்குது, ஒரு தபா பட்டறையில காட்டிடலாம்." நான் சொன்ன பதில், "தீபம் முடியட்டும்பா, பாத்துக்கலாம்."

போளூர் தாண்டி ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கும்போது வலது பின் பக்கத்து சாக்கிள் போல்ட் அறுந்தது. பட்டையின் பின் முனை விடுபட்டு பாடி ஒரு பக்கம் உட்கார்ந்தது. அடுக்கியிருந்த சிப்பம் சரிந்தது. சிப்பத்தின் மேல் உட்கார்ந்து வந்த லோடுமேன் பையன் ரோட்டில் விழுந்து வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது. சரக்கின் மேல் ஆளை உட்கார வைப்பது சட்டப்படி குற்றம். அது தெரிந்தும் வைத்திருந்தேன். வைத்தியச் செலவும், ஐந்து மாதம் அவன் வீட்டுச் செலவும் நான்தான் கொடுத்தேன். பணம் போனது போகட்டும். இன்று அவன் என் கடையில் சிட்டை எழுதுகிறான், மூட்டை தூக்குவதில்லை. டீ கிளாஸை இடது கையால்தான் பிடிக்கிறான்.

அறுந்த போல்ட்டைக் கையில் எடுத்துப் பார்த்தபோது, நடுப்பகுதி பாதியாகத் தேய்ந்து கரும்புச் சக்கை போல இருந்தது. புஷ் இருந்த இடத்தில் ரப்பரே இல்லை. இரும்பும் இரும்பும் மாதக்கணக்கில் உரசியிருக்கிறது. டக்கு டக்கென்ற சத்தம் அதுதான்.

புஷ் என்பது என்ன

வண்டியின் பின் அச்சைத் தாங்குவது பட்டை ஸ்பிரிங். நீளமான எஃகுப் பட்டைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி நடுவில் சென்டர் போல்ட் போட்டிருப்பார்கள். எல்லாவற்றிலும் நீளமானது மெயின் பட்டை. அதன் இரண்டு முனையையும் சுருட்டி வளையமாக்கியிருப்பார்கள். அந்த வளையத்தைக் கண் என்பார்கள். முன் முனைக் கண் சேஸிஸில் உள்ள பிராக்கெட்டில் நிலையாகப் பொருந்தும். பின் முனை அப்படி நிலையாக இருக்க முடியாது. பாரம் ஏறினால் வளைந்திருக்கும் பட்டை நிமிர்கிறது, நிமிர்ந்தால் நீளுகிறது. அந்த நீட்சிக்கு இடம் கொடுக்க, சாக்கிள் என்னும் இரட்டைத் தகட்டில் பின் முனையைத் தொங்கவிட்டிருப்பார்கள். ஊஞ்சல் சங்கிலி போல அது முன்னும் பின்னும் ஆடிக் கொடுக்கும். முன் கண்ணில் ஒன்று, பின் கண்ணில் ஒன்று, சாக்கிள் சேஸிஸில் சேரும் இடத்தில் ஒன்று. ஒரு பட்டைக்கு மூன்று புஷ், இரண்டு பட்டைக்கு ஆறு. பெரும்பாலான வண்டிகளில் இதுதான் கணக்கு.

மாட்டு வண்டிக் காலத்தில் இருசுக்கு மை போட்டு ஓட்டினோம். இரும்பு இரும்பின் மேல் வழுக்கிச் சுற்ற மை வேண்டும். லாரிகளில் உலோக புஷ் போட்டு கிரீஸ் அடிப்பதும் அதே கணக்குதான். ஆனால் நம் சின்ன வண்டிகளில் அநேகமாக ரப்பர் புஷ். இது வேறு ஜாதி. வெளியே ஒரு இரும்புக் குழாய், உள்ளே ஒரு சின்னக் குழாய், இரண்டுக்கும் நடுவே ரப்பரை வார்த்து ஒட்டியிருப்பார்கள். மெக்கானிக்குகள் சைலன்ட் பிளாக் என்பார்கள். அது ஒரு பிரெஞ்சு வியாபாரப் பெயர், நாளடைவில் பொருளுக்கே பெயராகிவிட்டது, வனஸ்பதியை டால்டா என்று கேட்டு வாங்குவது போல. வெளிக்குழாய் கண்ணோடு இறுகியிருக்கும். உள்குழாய் போல்ட்டால் பிராக்கெட்டோடு இறுகியிருக்கும். எதுவும் எதன் மேலும் வழுக்குவதில்லை. பட்டை ஆடும்போது நடுவிலுள்ள ரப்பர் முறுக்கிக்கொள்கிறது, பிறகு தளர்கிறது. வேலை அவ்வளவுதான். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் நான் சொல்லப்போகும் எல்லாம் விளங்கும்.

கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் ரப்பர் வெயிலில் இளகாமல் உறுதிப்படும் என்று 1839-ல் அமெரிக்காவில் கண்டவர் சார்லஸ் குட்இயர். டயர் கம்பெனி அவருடையது அல்ல. அது 1898-ல் வேறொருவர் ஆரம்பித்து அவர் பெயரை வைத்தது. அந்த உறுதியான ரப்பருக்கும் எதிரிகள் உண்டு. ஒன்று எண்ணெய். டீசல், கிரீஸ், இன்ஜின் ஆயில் பட்டால் இயற்கை ரப்பர் ஊறி உப்பி, களி போல ஆகிவிடும். சில டிரைவர்கள் சத்தம் வருகிறதே என்று ரப்பர் புஷ்ஷில் பழைய ஆயிலை ஊற்றுவார்கள். இரண்டு நாள் சத்தம் நிற்கும், பிறகு புஷ்ஷே நிற்காது. மற்றொன்று வெயில், காற்று, வயது. ஓடாமல் ஷெட்டில் நிற்கும் வண்டியிலும் ரப்பர் வெடிக்கும். எல்லாவற்றுக்கும் மேலான எதிரி பாரம்.

பாரத்தைப் பற்றி நமக்குள் ஒரு வார்த்தை. மாதா மாதம் பௌர்ணமிக்கு கிரிவலக் கூட்டம் வருகிறது, 14 கிலோமீட்டர் பாதையும் ஊரும் நிரம்புகிறது, வண்டி உள்ளே வர முடியாது. ஆகவே பௌர்ணமிக்கு முதல் நாள், அதற்கு முதல் நாள், ஒரு நடையில் ஒன்றரை நடைச் சரக்கை ஏற்றுகிறோம். இன்னொன்றும் உண்டு. 18-7-2022 முதல் 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்ததும், பல மில்கள் 26 கிலோ சிப்பம் போட ஆரம்பித்தன. நாமோ இன்னும் எண்ணிக்கையில்தான் ஏற்றுகிறோம். முன்பு 50 சிப்பம் என்றால் 1,250 கிலோ. இப்போது அதே 50 சிப்பம் 1,300 கிலோ. வண்டிக்கு எண்ணத் தெரியாது, எடைதான் தெரியும். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதிக பாரத்துக்குச் சட்டத்தில் உள்ள அபராதம் 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கு 2,000 ரூபாயும்.

தேய்ந்ததை நாமே கண்டுபிடிக்கலாம். வேகத்தடையிலும், ரிவர்ஸ் எடுத்து முன்னால் போகும்போதும் பின்னால் 'டக்' என்று ஒரு அடி விழும். நேர் ரோட்டில் வண்டி ஒரு பக்கமாக நகரும். பின்னால் வருகிறவர் பார்த்தால் வண்டி நாய் ஓடுவது போலக் கொஞ்சம் கோணலாக ஓடும், ஏனென்றால் பின் அச்சு தன் இடத்தில் இல்லை. பின் டயர் ஒரு ஓரமாகத் தேயும். சந்தேகம் வந்தால், வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பாரம் இல்லாமல், சாக்கிளுக்கும் பட்டைக்கும் நடுவே ஒரு சின்னக் கடப்பாறையை விட்டு நெம்பிப் பாருங்கள். நல்ல புஷ் இறுக்கமாக எதிர்த்து மெல்ல விட்டுக் கொடுக்கும். போன புஷ் கடகடவென்று ஆடும். கண்ணின் ஓரத்தில் செங்காவிப் பொடி உதிர்ந்திருந்தால் இரும்பு இரும்பைத் தின்ன ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

நெருப்பு வைத்துக் கழற்றியதன் பலன்

விபத்துக்குப் பிறகு வண்டியை ஒரு பட்டறைக்குக் கட்டி இழுத்துச் சென்றோம். பெயர் வேண்டாம். புஷ் துருப்பிடித்து இறுகியிருந்தது. கேஸ் டார்ச்சை எடுத்துக் கண்ணைச் சுற்றி நெருப்பு வைத்தார்கள். ரப்பர் கரும்புகையோடு எரிந்தது. கண் கருவிழி தவிர எல்லாம் சிவந்தது, என் கண்ணும் பட்டையின் கண்ணும். பிறகு தண்ணீர் ஊற்றி, சம்மட்டியால் நாலு அடி. புஷ் விழுந்துவிட்டது. அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது என்று நானும் சந்தோஷமாகக் காசு கொடுத்தேன். எட்டு மாதம் கழித்து மெயின் பட்டை கண்ணுக்கு ஒரு சாண் தள்ளி முறிந்தது. நல்ல வேளை, வண்டி கடை வாசலில் நின்றிருந்தது.

ஏன் முறிந்தது என்பதை அவலூர்பேட்டை ரோட்டில் இருந்த ஒரு வயதான மேஸ்திரி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். "முதலாளி, பட்டை வெறும் இரும்பு இல்ல. பதம் போட்ட எஃகு. பதம் போச்சுன்னா பட்டையும் போச்சு." பட்டை எஃகை 850 டிகிரிக்கு மேல் காய்ச்சி எண்ணெயில் தோய்த்து, பிறகு சுமார் 400, 500 டிகிரியில் மறுபடி சூடாக்கிப் பதம் வருவிக்கிறார்கள். அதனால்தான் அது வளைந்து மறுபடி நிமிர்கிறது. டார்ச் வைத்துச் சிவக்கக் காய்ச்சினால் அந்த இடத்தில் பதம் இறங்கி மெத்தென்றாகிவிடும். சிவந்ததில் தண்ணீரை ஊற்றினால் கண்ணாடி போல நொறுங்கும் தன்மை வந்துவிடும். இரண்டும் கெடுதல். அப்பளம் பொரிக்கிற எண்ணெய்ச் சூடு தப்பினால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா, அதுபோல. அருகிலேயே பிரேக் பைப், டீசல் பைப் போகிறது. எரிகிற ரப்பர் புகை நுரையீரலுக்கு விஷம். ஆகவே பட்டறையில் யாராவது டார்ச்சைக் கையில் எடுத்தால் நாம் "வேண்டாம்" என்று சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரை எழுதியதற்கு அந்த ஒரு வார்த்தையை நீங்கள் சொன்னாலே எனக்குப் போதும்.

மேஸ்திரி கழற்றிய விதம்

முறிந்த பட்டையை மாற்றும்போது, மறு பக்கத்துப் பழைய புஷ்ஷையும் அவரே கழற்றினார். இரண்டு நாள் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். முதல் நாள் சாயங்காலமே எல்லா நட்டு மரையிலும் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊற வைத்துவிட்டார். "ராத்திரி அது வேலை செய்யட்டும், காலையில நாம செய்யலாம்" என்றார்.

காலையில் முதல் வேலை சக்கரத்துக்குக் கட்டை. நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கார்த்திகைத் திருவிழா ஏழாம் நாள் பெரிய தேர் வரும்போது, வடம் பிடிப்பவர் ஆயிரக்கணக்கில் இருந்தாலும், சக்கரத்தில் முட்டுக்கட்டை போடுகிறவர்களின் கவனத்தில்தான் தேர் நிற்கிறது. அதே கவனம் இங்கும் வேண்டும். முன் சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வைத்தார். பிறகு கனமான பலகை மேல் ஜாக்கியை வைத்துப் பின் பக்கத்தைத் தூக்கி, சேஸிஸுக்கு அடியில் இரும்பு ஸ்டாண்டு இரண்டு கொடுத்து, வண்டியை அதன் மேல் இறக்கினார். ஜாக்கியை நம்பி ஒருவரும் அடியில் படுக்கக் கூடாது. மண் தரையில் ஜாக்கி சாயும், பழைய ஜாக்கியில் ஆயில் கசிந்து தானாக இறங்கும். செங்கல் அடுக்கி வைப்பதும் கூடாது, செங்கல் சொல்லாமல் உடையும். ஸ்டாண்டு இல்லாத பட்டறையில் வேலை கொடுக்காதீர்கள், மலிவாக இருந்தாலும் சரி.

இன்னொரு ஜாக்கியை அச்சுக்கு அடியில் கொடுத்தார். இது வண்டியைத் தாங்க அல்ல, அச்சை ஏற்றி இறக்க. பட்டையில் பாரம் இருக்கும்வரை போல்ட் நகராது. பாரம் முழுதும் போய் அச்சு கீழே தொங்கினால் எதிர்த்திசையில் இழுக்கும். நடுவே ஒரு நிலை உண்டு, அங்கே போல்ட் கையாலேயே திரும்பும். அதைக் கண்டுபிடிக்கத்தான் அந்த ஜாக்கி. துவாரம் நேராக இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்ப்பது பலருக்குப் பழக்கம். பட்டை ஒரு நூல் நகர்ந்தால் விரல் துண்டாகிவிடும். மேஸ்திரி ஒரு கம்பியைத்தான் விட்டுப் பார்த்தார். ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் பிரிக்கவும் இல்லை. ஒரு பக்கம் பூட்டி முடித்த பிறகுதான் அடுத்த பக்கம். இல்லாவிட்டால் அச்சு தன் இடத்தை விட்டு நகர்ந்துவிடும்.

நட்டு கழன்றது. போல்ட் வரவில்லை. ஸ்பானர் போட்டால் போல்ட் திரும்புகிறது, ஆனால் ரப்பரும் கூடவே முறுக்குகிறது. உள்குழாயும் போல்ட்டும் துருவில் ஒன்றாகிவிட்டன என்பதற்கு இதுதான் அடையாளம். இந்த இடத்தில்தான் பலர் சம்மட்டி எடுப்பது. மேஸ்திரி ஹாக்சா பிளேடை எடுத்தார். கண்ணுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே இருக்கும் மெல்லிய இடைவெளியில் பிளேடை விட்டு, இரண்டு பக்கமும் போல்ட்டை அறுத்தார். ஒரு பக்கத்துக்கு முக்கால் மணி நேரம். கிரைண்டரில் சீக்கிரம் ஆகுமே என்று கேட்டேன். டீசல் டேங்க் எட்டுகிற தூரத்தில் இருக்கிறது, பொறி பறக்கும் என்றார். கிரைண்டர் போட்டே ஆகவேண்டுமென்றால் டேங்கையும் பைப்பையும் ஈரச் சாக்கால் மூடி, ஒரு வாளி மணல் பக்கத்தில் வைக்க வேண்டும். சாக்குக்கு நம்மிடம் என்ன பஞ்சம். போல்ட் போனால் போகட்டும். அதை எப்படியும் புதிதாகத்தான் போட வேண்டும், பழையது தேய்ந்திருக்கும்.

இனி புஷ். லேத் பட்டறையில் ஹைட்ராலிக் பிரஸ் இருந்தால் பட்டையைக் கழற்றி அங்கே கொண்டுபோய்த் தள்ளிவிடலாம், அது உத்தமம். ஆனால் பட்டையைக் கழற்றினால் யு போல்ட்டையும் கழற்ற வேண்டும், கழற்றிய யு போல்ட்டை மறுபடி போடக் கூடாது, நீண்டிருக்கும். மேஸ்திரி வண்டியிலேயே வைத்துச் செய்தார். ஒரு அடி நீளத்துக்கு முழுக்க மரை போட்ட தடித்த எஃகுக் கம்பி, இரண்டு நட்டு, தடித்த வாஷர்கள், இரண்டு துண்டுக் குழாய். ஒரு குழாய் புஷ் உள்ளே நுழையும் அளவுக்குப் பெரியது, அது கண்ணின் ஒரு பக்கத்தில் முட்டி நிற்கும். மற்றது புஷ்ஷின் வெளிக்குழாயை விட ஒரு நூல் சிறியது, அது மறு பக்கத்திலிருந்து தள்ளும். கம்பியை நடுவில் விட்டு நட்டை முறுக்க முறுக்க, சின்னக் குழாய் புஷ்ஷைத் தள்ளிப் பெரிய குழாய்க்குள் கொண்டுபோய்விடும். உள்குழாயில் சிக்கிய போல்ட் துண்டை முதலில் எடுக்க, ரப்பரில் சுற்றிலும் ஏழெட்டு ஓட்டை துளையிட்டு, ரப்பரோடு உள்குழாயைப் பிடுங்கினார். சம்மட்டி தேவைப்படவே இல்லை. அடிக்காமல் எடுப்பதற்குக் காரணம் உண்டு. கண் என்பது முழு வளையம் அல்ல, சுருட்டிய பட்டை. ஒரு பக்கமாக அடித்தால் சுருள் விரிந்துவிடும். விரிந்த கண்ணில் புது புஷ் இறுகாது, இரண்டு மாதத்தில் மறுபடி டக்கு டக்கு.

ஒரு புஷ்ஷில் ரப்பர் வந்துவிட்டது, வெளிக்குழாய் மட்டும் கண்ணுக்குள் ஒட்டிக்கொண்டு நின்றது. ஹாக்சா பிளேடைக் கழற்றி, கண்ணின் உள்ளே விட்டு மறுபடி பிரேமில் மாட்டி, உள்ளிருந்து வெளியே பார்த்து மெல்ல அறுத்தார். குழாய் கனம் மிகக் கொஞ்சம்தான். பத்து இழுப்புக்கு ஒரு முறை டார்ச் லைட் அடித்துப் பார்த்தார். பிளேடு கண்ணில் கீறிவிட்டால் அந்தக் கீறலில்தான் பின்னால் விரிசல் ஆரம்பிக்குமாம். இரண்டு வெட்டுப் போட்டதும் ஒரு சின்ன உளியால் உள்பக்கமாக மடக்க, குழாய் சுருண்டு வந்துவிட்டது.

இத்தனையும் பின் பக்கத்துப் பட்டைக்குச் சொன்னது. முன் பக்கமும் பட்டை உள்ள வண்டியில், குட்டி யானையில் உள்ளது போல, முறை ஏறக்குறைய இதுவே. முன்னால் காயில் ஸ்பிரிங் உள்ள பிக்கப்பில் அப்படி அல்ல. அமுங்கிய காயில் விடுபட்டால் ஆளைக் கொல்லும். அதைக் கழற்ற அதற்கென்று கருவி வைத்திருக்கும் பட்டறையில் மட்டும் கொடுக்கவும்.

பூட்டும்போது

கண்ணின் உட்புறத்தை எமரித் தாளால் தேய்த்துத் துடைத்து, விரிசல் உண்டா, முட்டை வடிவம் ஆகியிருக்கிறதா என்று பார்த்த பிறகே புது புஷ். உள்ளே வழுக்கிப் போக சோப்புத் தண்ணீர் போதும், கிரீஸ் கூடாது. அதே மரைக்கம்பியைக் கொண்டு, வெளிக்குழாயின் விளிம்பில் மட்டும் அழுத்தம் படும்படி இழுத்தார்.

மேஸ்திரி சொன்னதில் மிக முக்கியமானது இதற்குப் பிறகு வருகிறது. வண்டி ஸ்டாண்டின் மேல் இருக்கும்போது போல்ட்டை முழுதாக முறுக்கக் கூடாது. அப்போது அச்சு கீழே தொங்குகிறது, சாக்கிள் வேறு கோணத்தில் இருக்கிறது. அந்த நிலையில் முறுக்கினால் உள்குழாய் அந்தக் கோணத்திலேயே பூட்டிக்கொள்ளும். வண்டியை இறக்கியதும், சரக்கு ஏற்றுவதற்கு முன்பே, ரப்பர் ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டு நிற்கும். இரவும் பகலும் முறுக்கிய நிலையில் நிற்கும் ரப்பர் எத்தனை நாள் தாங்கும்? போல்ட்டைக் கையால் தொட்டு வைத்து, வண்டியைச் சக்கரத்தில் இறக்கி, பாடியை நாலு முறை அமுக்கி ஆட்டி, பிறகுதான் முறுக்க வேண்டும். புது புஷ் போட்டு ஆறு மாதத்தில் போய்விட்டது, சரக்கு மட்டம் என்று கடைக்காரரைத் திட்டுகிறோமே, அதில் பாதி இந்தத் தப்புதான் என்பது மேஸ்திரியின் கட்சி. அதைக் கேட்ட பிறகு என் கண் முன்னால் முறுக்காத புஷ்ஷுக்கு நான் காசு கொடுப்பதில்லை.

மட்டமான சரக்கும் இல்லாமல் இல்லை. சோப்பிலும் மிளகாய்த் தூளிலும் பெயரில் ஓர் எழுத்தை மாற்றிப் போலி வருவது நமக்குப் பழக்கமான சங்கதி. உதிரி பாகத்திலும் அதே கதை. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் நல்லதும் கிடைக்கும், மற்றதும் கிடைக்கும். நகத்தால் அழுத்தினால் கொஞ்சமும் கொடுக்காமல் பிளாஸ்டிக் போல இருப்பது, ரப்பர் குழாயோடு ஒட்டாமல் ஓரம் பிரிந்திருப்பது, இவற்றை வாங்க வேண்டாம். புதுப்பேட்டைப் பழைய சாமானில் பிராக்கெட் வாங்கலாம், சாக்கிள் தகடு வாங்கலாம். புஷ் மட்டும் பழையது வாங்கக் கூடாது.

பில் கேட்டு வாங்குங்கள். வண்டி உதிரி பாகங்களுக்கு 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 22-9-2025 முதல் 18 ஆகியிருக்கிறது. சரக்கு வண்டிக்கு வாங்கும் உதிரி பாகத்தின் வரியை, பதிவு பெற்ற வியாபாரி தன் வரியில் கழித்துக்கொள்ளச் சட்டத்தில் தடை இல்லை. பயணிகள் காருக்குத்தான் அந்தத் தடை. காம்போசிஷனில் இருப்பவர்களுக்கும், வரி இல்லாத சரக்கு மட்டும் விற்பவர்களுக்கும் இது பொருந்தாது. உங்கள் கணக்கரைக் கேட்டுக்கொள்ளவும். எட்டு வருஷம் தாண்டிய சரக்கு வண்டிக்கு எஃப்சி வருஷா வருஷம் எடுக்க வேண்டியிருக்கிறது. அதற்குப் போகும் முன் எல்லோரும் பெயிண்ட் அடிக்கிறோம், ரிஃப்ளெக்டர் ஒட்டுகிறோம். அந்த வாரமே ஒரு முறை கடப்பாறை வைத்து ஆறு புஷ்ஷையும் நெம்பிப் பார்த்துவிட்டால் தனியாக ஒரு நாள் செலவாகாது.

ஒரு பக்கம் புஷ் போனால் மறு பக்கமும் சேர்த்தே மாற்றவும். ஒரு பக்கம் இறுக்கமும் ஒரு பக்கம் தளர்ச்சியுமாக இருந்தால் அச்சு கோணலாகவே நிற்கும், டயர் தேய்வது நிற்காது. யு போல்ட் மாற்றியிருந்தால் ஒரு வாரம் ஓட்டியபின் பாரம் இல்லாமல் நிறுத்தி மறுபடி ஒரு முறை முறுக்க வேண்டும். புதுப் பட்டை உட்கார உட்கார அது தளரும்.

என் பிக்கப்பில் டிரைவர் கதவின் உட்புறம் வெள்ளைப் பெயிண்டில் புஷ் மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் எழுதி வைத்திருக்கிறோம். எழுதியது சிட்டை எழுதும் அந்தப் பையன்தான், இடது கையால். அதற்குக் கீழே அவனாகவே இன்னொரு வரியும் சேர்த்திருக்கிறான்: 26 கிலோ சிப்பம் 48-க்கு மேல் ஏற்றக் கூடாது.